திரையில் குழந்தைகளின் பயம் – 7: ஏரிக்கு அந்தப் பக்கத்து வீடு

ஆக்லாந்து நகரம் உட்கார்ந்திருப்பது 53 எரிமலைகளின் மேல். இந்தியக் குடும்பங்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மவுண்ட் ராஸ்கில் பகுதியின் பெயரே அங்குள்ள ஓர் எரிமலைக் குன்றின் பெயர்தான். இவற்றில் கடைக்குட்டி, துறைமுக வாயிலில் 259 மீட்டர் உயரத்தில் நிற்கும் ரங்கிடோட்டோ தீவு. அது பொங்கி ஏறக்குறைய 600 ஆண்டுகள்தான் ஆகின்றன. பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில், அன்று விழுந்த சாம்பலில் மனிதர்களும் நாய்களும் நடந்துபோன காலடித் தடங்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன. கரைக்கு இந்தப் பக்கம் டாக்கபுனாவில் புபுக்கே ஏரி. வீடுகள் சூழ, படகு விடும் சாதாரண நன்னீர் ஏரி போலத் தெரியும். ஆனால் அதுவும் எரிமலை வாய்தான். ஆழம் சுமார் 57 மீட்டர். நெருப்புத் தெய்வமான மாஹுயிகாவைப் பழித்த ஒரு தம்பதியின் வீடு நிலத்தில் அமிழ்ந்துதான் இந்த ஏரி உண்டானது, அதே சமயத்தில் கடலிலிருந்து ரங்கிடோட்டோ எழுந்தது என்கிறது மாவோரிக் கதை ஒன்று.

இப்படி ஓர் ஊர் வாய்த்தால் பேய்க்கதை எழுதுகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மீதி வேலையை 1979-இல் மோரிஸ் ஜீ செய்தார். அதுவரை பெரியவர்களுக்கான நாவல்களால் அறியப்பட்டிருந்த அவர், குழந்தைகளுக்கென்று எழுதிய முதல் நாவல் 'அண்டர் த மவுண்டன்'. ரேச்சல், தியோ என்ற செம்பட்டை முடி இரட்டையர்கள். ஏரிக்கரையில் வில்பர்ஃபோர்ஸ் என்ற குடும்பம். பார்வைக்கு மனிதர்கள், உள்ளே வழவழவென்று நெளியும் வேற்றுலகப் பிராணிகள். எரிமலைகளுக்கு அடியில் உறங்கும் ராட்சதப் புழுக்களை எழுப்பிவிடுவதுதான் அவர்களுடைய திட்டம். அதைத் தடுக்க இரட்டையர்களைத் தேடி வருகிறார் ஜோன்ஸ் என்ற பெரியவர்.

இந்தக் கதை இரண்டு முறை படமாகியிருக்கிறது. கென் கேட்ரன் எழுத்தில், கிறிஸ் பெய்லி இயக்கத்தில் 1981-இல் வந்த எட்டுப் பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. 2009 டிசம்பரில் திரைக்கு வந்த ஜோனதன் கிங்கின் படம் மற்றொன்று. கிங்கின் முந்தைய படம் மனிதர்களைக் கடிக்கும் ஆடுகளைப் பற்றிய 'பிளாக் ஷீப்'. ஆகவே அருவருப்பை எப்படிக் காட்டுவது என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜோன்ஸ் வேடத்துக்கு 'ஜுராசிக் பார்க்' சாம் நீல். பிராணிகளைச் செய்ய, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புகழ் வேட்டா ஒர்க்‌ஷாப். எல்லாம் இருந்தது. ஆனாலும் நியூசிலாந்தில் இன்று நடுவயதில் இருப்பவர்களிடம் வில்பர்ஃபோர்ஸ் என்று சொன்னால், நினைவுக்கு வருவது 1981-இல் அந்த வேடம் போட்ட பில் ஜான்சனின் முகம்தான்.

பழைய தொடரின் தந்திரங்கள் இன்று பார்த்தால் சிரிப்பு வரும்; ரப்பர் உடை ரப்பராகத்தான் தெரிகிறது. ஆனால் ஜான்சன் பெரும்பாலும் கோட்டு சூட்டு போட்ட மனிதராகவே வருகிறார். அடுத்த தெருவில் எதிர்ப்படக்கூடிய ஆள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது வரும்வரை, அவர் உருமாறுவதைக் குழந்தையே தன் தலைக்குள் வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. புதிய படத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தாயின் மரணம், ஆக்லாந்துப் பயணம், ஜோன்ஸின் விளக்கம், துரத்தல், எரிமலை எல்லாம் முடிய வேண்டும்.

படத்தில் துணிச்சலான மாற்றம் அந்தத் தாயின் மரணம்தான். நாவலில் விடுமுறைக்கு வரும் பதினோரு வயதுப் பிள்ளைகள், இங்கே அம்மாவை இழந்து உறவினர் வீட்டுக்கு வரும் பதின்வயதினர். ஒருவர் மனம் மற்றவருக்குக் கேட்கும் இரட்டையரில், துக்கம் தாங்காமல் தியோ கதவைச் சாத்திக்கொள்கிறான். அருமையான யோசனை. இரட்டையர் ஒன்றுபட்டால்தான் ஊர் பிழைக்கும் என்னும்போது, அண்ணன் தங்கை பேச்சுவார்த்தையே கதையின் முடிச்சாகிவிடுகிறது. வருத்தம் என்னவென்றால், அந்த முடிச்சு இறுகுவதற்குள் தண்ணீரிலிருந்து ஏதாவது ஒன்று தலை நீட்டிவிடுகிறது. வயதைக் கூட்டியதிலும் ஒரு நஷ்டம்: பதினோரு வயதின் பயமும் பதினாறு வயதின் பயமும் ஒன்றல்ல.

அதே 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியானது 'கோரலைன்'. நீல் கெய்மனின் 2002-ஆம் ஆண்டு நாவலை ஹென்றி செலிக், லைக்கா நிறுவனத்துக்காகப் பொம்மைகளை அசைத்து அசைத்து எடுத்த அனிமேஷன் படம். இங்கும் ஆபத்து அடுத்த வீட்டில்தான், சரியாகச் சொன்னால் அடைத்து வைத்த ஒரு சின்னக் கதவுக்கு அப்பால். ஆனால் அந்தப் பக்கம் கோரலைனுக்கு முதலில் கிடைப்பது விருந்து. கவனிக்க நேரமில்லாத அம்மாவுக்குப் பதிலாக, சமைத்துப் போட்டுக் கொஞ்சும் வேறொரு அம்மா. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான்கள் மட்டும் தைக்கப்பட்டிருக்கின்றன. சிறுமி மறுபடி போகிறாள், போகத்தான் ஆசைப்படுகிறாள். உனக்கும் பொத்தான் தைக்கட்டுமா என்ற கேள்வி வரும்போது, பார்க்கும் குழந்தையும் அந்த ஆசையில் பாதிப் பங்குக்காரர் ஆகியிருக்கும். வில்பர்ஃபோர்ஸ் குடும்பத்திடம் இல்லாதது இந்தத் தூண்டில். அவர்கள் வீட்டுக்குள் போக எந்தப் பிள்ளைக்கும் ஆசை வராது. ஆகவே தப்பித்து ஓடுவதைத் தவிர ரேச்சலுக்கும் தியோவுக்கும் வேறு வேலை இல்லை.

அனிமேஷனுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் இருக்கிறது. சதையும் ரத்தமுமான நடிகருக்குப் பக்கத்தில் செயற்கைக் கொடுக்கு அசைந்தால், கண் உடனே இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடும். கோரலைனின் உலகில் சிறுமியும் அரக்கியும் ஒரே பட்டறையில் பிறந்தவர்கள். கோரலைனின் முகபாவங்கள் முப்பரிமாண அச்சில் வார்த்து மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்டவை. அந்த முகத்தை நம்பிய கண், பொத்தான் கண் அம்மா ஊசிக்கால் பூச்சியாக நீளும்போதும் நம்பத்தான் செய்கிறது.

'கோரலைன்' குறையற்ற படமும் அல்ல. நாவலில் இல்லாத வைபி என்ற பையனைச் செலிக் சேர்த்தது, கோரலைன் தனியாகப் பேசிக்கொண்டிருக்காமல் இருக்க. அதற்குக் கொடுத்த விலை அவளுடைய தனிமை. கடைசி நெருக்கடியில் அவன் வந்து கைகொடுக்கும்போது எரிச்சல்கூட வருகிறது. பேய்க் குழந்தைகளின் கண்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும் பகுதியோ வீடியோ கேம் படிகள் போல வரிசை தவறாமல் நகர்கிறது; அடுத்தது எங்கே என்று எட்டு வயதுப் பிள்ளையே சொல்லிவிடும்.

நம் பக்கத்துக் குழந்தைப் பேய்களின் குணமே வேறு. 1984-இல் ஜிஜோ இயக்கிய மலையாளப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதன் சாத்தான் மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட பையன். அவனை விடுவிப்பவர்கள் குழந்தைகள். பயத்தை எடுத்துவிட்டுப் பரிவை வைத்த படம். பயம் இருக்க, அதற்குள்ளேயே பரிவையும் வைத்தது லைக்காவின் அடுத்த படமான 'பாராநார்மன்' (2012). ஊரே நடுங்கும் சூனியக்காரி உண்மையில் யார் என்று தெரியவரும் இடம் அந்தப் படத்தின் உச்சம். அடுத்த வாரம் அவளைப் பார்க்கலாம்.

(தொடரும்)