ஊர் காண வரும் இளையோர்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாட் பெருவிழாக் காலத்தில், தொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களிற் பிறந்த நம் பிள்ளைகள் பெற்றோருடன் ஊருக்கு வருகின்றனர். தேரைக் கண்டு, படம் பிடித்து, உறவினர் வீட்டு விருந்துண்டு மீள்கின்றனர். இவ்வருகை விடுமுறையளவில் முடியுமோ, 'யான் யார்?' என்னும் வினாவை அவர் உள்ளத்தில் விதைக்குமோ என்பதே ஈண்டு எண்ணற்பாலது.

யூத மக்கள் இத்தகைய பயணத்தை ஒரு கல்வியாகவே அமைத்துள்ளனர். 1988 முதலாகப் பல நாட்டு யூத இளைஞர் போலந்து சென்று, அவுஷ்விற்ஸ் கொலைமுகாமிலிருந்து பிர்க்கெனோ வரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடக்கின்றனர். பின்னர் இஸ்ரேலுக்குச் செல்கின்றனர். உயிர்தப்பிய முதியோர் உடன்சென்று தாம் கண்டதைத் தம் வாயாற் கூறுவதே அப்பயணத்தின் உயிர்நாடி. அழிவையே அடையாளமாக்கும் பயணம் இதுவென அவர்களுள்ளேயே சிலர் குறை கூறுவதும் உண்டு. அக்குறை நாமும் கருதத்தக்கது.

நல்லூர் யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கியது. இதன் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். இன்றைய கோயில் 1734இல் எழுந்தது. இடைப்பட்டவை நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள். அத்துணைக் காலமும் வழிபாட்டின் நினைவை வீடுதோறும் காத்தவர் பெயரறியா முதியோர் அல்லரோ? யமுனா ஏரிக்கரையில் நின்று இதனைச் சொல்லக் கேட்கும் பிள்ளை, இழப்பையும் மீட்சியையும் ஒருங்கே அறியும். தேரை மட்டும் கண்ட பிள்ளை வேடிக்கை பார்த்தவனாய் மீள்வான். 2009இன் முள்ளிவாய்க்காலை மட்டும் கண்டவனோ, துயரமே தன் இனத்தின் பெயரென்று கொள்வான். இரண்டும் குறைக்கல்வியே.

யாழ்ப்பாண நூலகத்திற்குக் கனடாவிலிருந்து வந்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்றேன். அவள் முகத்தில் மாற்றமில்லை. சற்றுப் பொறுத்து, "மாமா, எரிஞ்ச புத்தகங்களில ஒண்டையாவது நீங்கள் வாசிச்சனீங்களோ?" என்றாள். பத்து வயதில் அங்கிருந்து பெற்றுப் படித்த கதைநூலொன்றைப் பற்றிச் சொன்னேன். அதன் கதையை முழுதும் கேட்டே அவள் வெளியே வந்தாள்.

பேரெண் செய்யாததை ஒரு நூலின் நினைவு செய்தது. அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தமையாலேயே அதுவும் கைகூடிற்று. ஆதலின் புலம்பெயர்ந்த பெற்றோர்க்கு விண்ணப்பம் ஒன்றுண்டு: விமானச்சீட்டு வாங்குமுன் பிள்ளைக்குத் தமிழ் வாங்கிக் கொடுங்கள். ஊரிலுள்ள முதியோரே! கண்டதைச் சொல்ல நாம் இருக்கும் காலம் சிறிது. அடுத்த திருவிழாவுக்கு வரும் பேரப்பிள்ளையை ஒரு மாலையேனும் கைப்பிடித்து நடத்திச் சென்று, ஊரின் கதையைச் சொல்லுங்கள்.