ஸ்வெட்டரும் ஸ்வால்பார்டும்: குளிர் குறையுதுன்னு எப்படிச் சொல்றது?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், வத்தலக்குண்டு. கொடைக்கானல் பஸ் ஏறும்போது ஸ்வெட்டர் எடுத்ததைப் பாத்து அப்பத்தா சிரிச்சாங்க: "முன்ன மாதிரி குளிர் இப்ப எங்கடா இருக்கு?"

வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும். அப்போ ஒரே பஸ் பயணத்துல 11, 12 டிகிரி வித்தியாசம். ஆனா அது இடம் மாறினதால வந்தது. அப்பத்தா கேட்டது காலம் மாறினதைப் பத்தி. இந்த ரெண்டையும் பிரிக்கிறதுதான் கஷ்டம்.

வடதுருவம் பக்கத்துல இருக்குற ஸ்வால்பார்டு தீவுகள்ல இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. நம்ம இந்தியாவோட 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் 2008-லிருந்து அங்கதான் இருக்கு. அங்க வெப்பநிலைத் தொடர் 1898-ல ஆரம்பிக்குது. முதல்ல வேட்டைக்குப் போய் குளிர்காலம் முழுக்கத் தங்கினவங்களோட குறிப்புகள், 1911-லிருந்து நிரந்தர நிலையம், 1975-லிருந்து விமான நிலையம். தெர்மாமீட்டர் இடம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. அதனால ரெண்டு இடத்துலயும் ஒரே நாட்கள்ல அளந்து, மாசவாரியா வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு, பழைய கணக்கைத் திருத்தி ஒட்டினாங்க.

வந்த விடை: 1898 முதல் 2018 வரை பத்து வருஷத்துக்கு 0.32 டிகிரி ஏற்றம். 1991-க்குப் பிறகு மட்டும் பாத்தா, பத்து வருஷத்துக்கு 1.7 டிகிரி!

ஏன் இவ்ளோ வேகம்? கடல்மேல இருக்குற பனிக்கட்டி ஒரு மூடி மாதிரி. மேல காத்து மைனஸ் 20-ல இருந்தாலும், கீழ தண்ணி மைனஸ் 2-க்குப் பக்கத்துலதான் இருக்கும். மூடி போச்சுன்னா அந்தச் சூடு காத்துக்கு வந்துடும். அதான் அங்க குளிர்காலம்தான் அதிகமா சூடாகுது.

சரி, நம்ம மலை? ஸ்வால்பார்டு தொடர் ஆரம்பிச்ச அடுத்த வருஷம், 1899-ல, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்துச்சு. சூரியனோட வானிலையையும் அங்க பதிவு செஞ்சாங்க. அப்பத்தா கேள்விக்கு அந்த மாதிரிப் பதிவுலதான் பதில் தேடணும்: அதே இடம், அதே மாசம், 30 வருஷ சராசரி.

ஏன் தேடணும்னா, பழனி மலையும் ஒரு தீவுதான். சுத்தி வெயில் சமவெளி, மேல குளிர்ல வாழுற சோலைக்காடு. சூடு ஏறினா காடும் மேல ஏறித்தான் தப்பிக்கணும். ஆனா உச்சியான வந்தரவு 2,533 மீட்டர். அதுக்கு மேல ஏற மலை இல்ல.

உங்க ஊர்ல அப்பத்தா, தாத்தா என்ன சொல்றாங்க? கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்!