மாணவர் தாமே தெரிந்து செய்யுங் கைவினை

பாடவேளையிற் சிறிதளவை மாணவர் தாம் விரும்பிய பொருளை வடிவமைத்தற்கு விடுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். இது புதுவதன்று. அமெரிக்கப் பேராசிரியர் கில்பற்றிக் 1918 இல் செயற்றிட்ட முறையை விளக்கினார். காந்தியடிகள் 1937 இல் வார்தாவிற் கைத்தொழில்வழிக் கல்வியை வகுத்தார். நம் நாட்டிலும் 1972 இல் தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுந்தன. 1977 இன் ஆட்சிமாற்றத்தின் பின் மறைந்தன. அங்கே ஊர்த்தொழிலைத் தெரிந்தது பாடசாலையே, மாணவனல்லன். ஆதலின் ஏழைப் பிள்ளைகள் அத்தொழிலிலேயே தேங்குவரோ என்னும் ஐயமும் எழுந்தது.

தெரிவு மாணவனுடையதாயின் நிலை வேறாகும். மன்னாரிற் பனையோலைக்குக் குறைவில்லை. நீற்றுப்பெட்டி இழைக்க விரும்புவோன், ஆவி மாவினூடு செல்லாது பக்கத்திற் கசிகின்றதோ என முதலில் ஆராய்வான். பின்னர் அளவெடுத்து வரைவான், இழைப்பான், அவித்துப் பார்ப்பான், திருத்துவான். கேத்திரகணிதமும் விஞ்ஞானமும் அவ்வழியே வந்தெய்தும். பிழைத்துப்போன முதற்பெட்டிக்கும் ஆசிரியர் புள்ளி வழங்குதல் வேண்டும். அன்றேல் மாணவன் எளியதையே தெரிவான்.

பரீட்சை நெருங்குங்கால் முதலிற் பறிபோவது இவ்வேளையே. இலக்கணம் முடித்தற்பொருட்டு அதனை யாமும் பறித்ததுண்டு, நாணத்துடன் ஒப்புகின்றோம். வாரத்துக்கு ஒரு பாடவேளையையேனும் நேரசூசியிற் பொறித்துக் காத்தல் நம் கடன். பழைய மாணவருட் கைவினை வல்லார் அவ்வேளையில் வந்து துணைநிற்பாராக.