தலைவரைத் தெரிவு செய்வது யார்? ஐக்கிய தேசியக் கட்சியின் அனுபவம்

தேர்தலொன்றில் கட்சியொன்று தோல்வியடைந்ததும் அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி எழுவது வழக்கம். தேநீர்க் கடையிலும் பஸ் வண்டியிலும் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியிலும் ஆளுக்கொரு பெயர் முன்மொழியப்படும். ஐக்கிய தேசியக் கட்சியைப் பொறுத்தவரை இந்த விவாதம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாமல் நடைபெற்று வந்திருக்கின்றது. ஆனால், மக்கள் தெரிவிக்கும் இந்த அபிப்பிராயம் எந்த வழியாகக் கட்சிக்குள் நுழைகின்றது என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. உண்மையில் அதற்கு அங்கு வாசலே கிடையாது.

அக்கட்சியின் தலைமை பெரும்பாலும் மரணத்தின் மூலமே கைமாறி வந்துள்ளது. 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து வீழ்ந்து டி.எஸ்.சேனநாயக்க காலமானபோது, மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவல எதிர்பார்த்துக் காத்திருக்க, ஆளுநர் நாயகம் சோல்பரிப் பிரபு டட்லி சேனநாயக்கவையே பிரதமராக அழைத்தார். மக்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது அதன் பின்னரே. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் அவர்கள் அதனை வழங்கினர். 1973 இல் டட்லி மறைந்ததும் ஜே.ஆர்.ஜயவர்தன தலைவரானார். 1993 மே தினத்தில் பிரேமதாச கொல்லப்பட்டார். 1994 ஒக்டோபரில் தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் காமினி திசாநாயக்க பலியானதைத் தொடர்ந்தே கட்சி ரணில் விக்கிரமசிங்கவின் கைக்கு வந்தது.

அதன் பின்னர் 1999, 2005 ஜனாதிபதித் தேர்தல்களிலும் 2000, 2004, 2010 பொதுத் தேர்தல்களிலும் கட்சி தோற்றது. இடையில் 2001 இல் மட்டும் வெற்றி கிட்டியது. ஒவ்வொரு தோல்வியின் பின்னரும் தலைமை மாற்றம் வேண்டும் என்ற குரல் எழும். சிறிகொத்தவின் சுவரில் மோதி அடங்கும். காரணம் எளியது. தலைவரை மாற்றும் அதிகாரம் படைத்த செயற்குழுவின் உறுப்பினர்களிற் பெரும்பாலானோர் தலைவரால் நியமிக்கப்படுபவர்களே. நியமித்தவரை நியமனம் பெற்றவர் நீக்குவார் என்று எதிர்பார்ப்பது அரசியலில் நடவாத காரியம். 2007 ஜனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் ஒரு குழுவினர் அரச தரப்புக்குத் தாவியமைக்கு அமைச்சுப் பதவிகள் மாத்திரமன்றி, உள்ளிருந்து மாற்றம் காண வழியில்லை என்ற சலிப்பும் காரணமாயிற்று.

2011 டிசம்பரில் ஒருவாறு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ரணிலுக்கு 72 வாக்குகளும் கட்சிக்குத் திரும்பியிருந்த கரு ஜயசூரியவுக்கு 24 வாக்குகளும் கிடைத்தன. வாக்களித்தோர் செயற்குழுவினரும் பாராளுமன்றக் குழுவினருமாக நூறு பேர் கூட இல்லை. இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் கட்சியொன்றின் தலைவரை ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு மூலையில் அமரக்கூடிய தொகையினர் தீர்மானித்தனர்.

இதற்காக மக்கள் அனைவரும் ரணிலுக்கு எதிராக இருந்தனர் என்று கொள்வதும் தவறாகும். 2015 பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 500,566; அன்றைய நாளில் அதுவொரு சாதனை. ‘பொதுமக்கள் அபிப்பிராயம்’ என்று ஒருமையில் பேசுவதில் உள்ள சிக்கல் இதுவே. கொழும்பு வாக்காளரின் விருப்பம் ஒன்று, பதுளை கிராமத்து ஆதரவாளரின் விருப்பம் வேறொன்று, கட்சிக்கு என்றுமே வாக்களிக்காதவரின் கருத்து மற்றொன்று.

2019 இல் சஜித் பிரேமதாசவின் ஆதரவாளர்கள் இந்தச் சுவரைச் சுற்றிச் செல்ல முற்பட்டனர். பதுளையில் தொடங்கி ஊர் ஊராகப் பெருங்கூட்டங்கள் திரட்டப்பட்டன. இறுதியில் செப்டெம்பர் 26 ஆம் திகதி செயற்குழு அவரை ஜனாதிபதி வேட்பாளராக ஏற்றது. தலைமைப் பதவி மட்டும் ரணிலிடமே இருந்தது. கூட்டத்திற்கு வந்தோர் கட்சியின் ஆதரவாளரே தவிர நாடு அல்ல என்பது நவம்பரில் தெரியவந்தது. கோத்தாபய ராஜபக்ஷ 52.25 சதவீதமும் சஜித் 41.99 சதவீதமும் பெற்றனர். யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு 83.86 சதவீத வாக்குகள் கிடைத்தன. அது ஐ.தே.க.வின் தலைவர் இவராகவே இருக்க வேண்டும் என்று தமிழ் மக்கள் அளித்த தீர்ப்பல்ல. எதிரில் நின்றவரை அவர்கள் நிராகரித்தனர் என்பதே பொருத்தமான விளக்கம். இந்த வேறுபாட்டைத் தென்னிலங்கை ஆய்வாளர்கள் பலர் கவனிப்பதில்லை.

உள்ளே இடம் கிடைக்காத அபிப்பிராயம் வெளியேறித் தனிக்கட்சியாகியது. 2020 ஓகஸ்ட் தேர்தலில் தொலைபேசிச் சின்னத்தில் போட்டியிட்ட ஐக்கிய மக்கள் சக்தி 2,771,980 வாக்குகளையும் 54 ஆசனங்களையும் பெற்றது. யானைச் சின்னத்துக்குக் கிடைத்தவை 249,435 வாக்குகளும் தேசியப் பட்டியல் ஆசனம் ஒன்றும் மாத்திரமே. 1977 முதல் பாராளுமன்றத்தில் இருந்து வந்த ரணிலும் தெரிவாகவில்லை. எனினும் அந்த ஒற்றை ஆசனத்தில் 2021 ஜூனில் அமர்ந்த அவரே, 2022 ஜூலையில் பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். மக்கள் கைவிட்ட தலைவர் நாட்டின் தலைவரானமை இலங்கை அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று.

செயற்குழுவுக்குப் பதிலாகக் கட்சியின் பரந்த பொதுச்சபை வாக்களித்தால் எல்லாம் சீராகிவிடுமா? இலங்கைத் தமிழரசுக் கட்சியின் அனுபவம் அவ்வாறு கூறவில்லை. 2024 ஜனவரி 21 ஆம் திகதி திருகோணமலையில் அக்கட்சியின் தலைவர் பதவிக்குப் போட்டி நடைபெற்று, சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளும் எம்.ஏ.சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். வாக்கெடுப்பு நடத்தியமை பாராட்டத்தக்கதே. ஆயினும் விவகாரம் நீதிமன்றம் சென்றது; புதிய தலைவர் பொறுப்பேற்கவிருந்த மாநாடு நடைபெறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் யாழ். மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் மூன்று ஆசனங்களைப் பெற, தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகளும் ஓர் ஆசனமும் கிட்டின. தலைமைச் சண்டையைப் பார்த்துக் கொண்டிருந்த வாக்காளர் தமது அபிப்பிராயத்தை வேறிடத்தில் பதிவு செய்தனர்.

ஐ.தே.க.வையும் ஐக்கிய மக்கள் சக்தியையும் மீள இணைக்க வேண்டும் என்போர் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலைக் காட்டி ஒரு கணக்குச் சொல்கின்றனர். சஜித் 4,363,035, சுயேச்சையாக நின்ற ரணில் 2,299,767. கூட்டினால் அநுர குமார திசாநாயக்க முதற் கணக்கெடுப்பில் பெற்ற 5,634,915 ஐ விட அதிகம். கூட்டல் சரிதான். ஆனால் இந்த 23 இலட்சம் பேரில் எத்தனை பேர் சஜித்தைத் தலைவராக ஏற்பர், அந்த 43 இலட்சம் பேரில் எத்தனை பேர் மீண்டும் ரணிலின் பின்னால் வருவர் என்று அவர்களிடம் இரு கட்சிகளுமே இதுவரை கேட்கவில்லை.