தொடுவானத்தில் ஒரு தையல்

நீலமே இல்லாத கடலில் ரசிக்க என்ன இருக்கிறது என்று, கறுப்பு வெள்ளைக் கடற்கரைப் படங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களுக்குப் பெரிய தலைவலியே நீலம்தான்.

அவர்களில் ஒருவரான பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே ஓவியம் பயின்றவர். தென்பகுதியில் உள்ள செத் துறைமுகத்தில் 1857இல் அவர் எடுத்த ‘பேரலை’ படத்தைத் தேடிப் பாருங்கள். பாறைகளும் அலைதடுப்புச் சுவரும் கருத்துக் கிடக்கின்றன. அந்தக் கருமை பக்கத்தில் இருப்பதால்தான் நுரை அத்தனை வெண்மையாகத் தெரிகிறது. படத்தின் பெரும் இடத்தை மேகங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மேகங்களில்தான் சங்கதி இருக்கிறது. அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். கடலுக்கு வேண்டிய அளவு ஒளி காட்டினால் வானம் வெளிறிவிடும். வானத்துக்காகக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே இரண்டையும் தனித்தனித் தகடுகளில் எடுத்தார். அச்சிடும்போது தாளின் ஒரு பாதியை மறைத்துக் கடலையும், மறுபாதியை மறைத்து வானத்தையும் இறக்கினார். ஒட்டு விழுந்த இடம் தொடுவானக் கோடு. என் அம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும்போது கரைக்கோட்டை ஒட்டியே ஊசியை ஓட்டுவார். தையல் கண்ணில் படாது. லெ கிரேயின் சாமர்த்தியமும் அதுதான். ஆனாலும் உற்றுப் பார்த்தால், கடலைத் தொடும் இடத்தில் மேகங்கள் சட்டென்று வெட்டுப்பட்டிருப்பது தெரியும். போதாததற்கு, ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கும் பொருத்தியிருக்கிறார்!

வானத்தை இரவல் வாங்கியது குறும்புதான். மோசடி என்று சொல்லமாட்டேன். மனிதக் கண் வானத்தையும் கடலையும் சேர்த்தே பார்க்கிறது. தகட்டுக்கு முடியாததை அவர் அச்சில் ஈடுகட்டினார். கைபேசியின் எச்டிஆர் பல ஒளியளவுகளில் எடுத்து ஒன்றாக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

லெ கிரே பாடுபட்டுச் சேர்த்ததை நாம் ஒரே இழுப்பில் தொலைக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். மெரினாவில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கடைசிவரை ஏற்றிவிடுகிறோம். ஈர மணலில் இருந்த சாம்பல் படிகள் எல்லாம் கரியாகிவிடுகின்றன. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்கும் அந்தப் படிகளில்தான் கடலின் ஆழமும் ஈரமும் இருக்கின்றன. இனி கான்ட்ராஸ்ட்டை ஏற்றும்போது நிழலில் பாறையின் பிளவு தெரிகிறதா, வெளிச்சத்தில் நுரையின் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று மறையத் தொடங்கினாலே விரலை எடுத்துவிடுங்கள்.