ஹேவர்ட் ஃபீல்டின் வாசல்: அன்றும் இன்றும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜின் என்றொரு ஊர். அங்குள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம்தான் ஹேவர்ட் ஃபீல்டு. 1919-இல் அமெரிக்கக் கால்பந்துக்காக உருவான இடம் இது. ஓடுதளம் 1921-இல்தான் வந்தது. கரித்துகளைக் கொட்டி இறுக்கிய தளம். மழை பெய்தால் சேறாகிவிடும். கிழக்குப் பக்கம் ஒரு மரக் கேலரி. கடைசிச் சுற்றில் ஊரே எழுந்து பலகையைக் காலால் உதைக்கும். அந்த ஓசை ஓடுகிறவர்களுக்கும் கேட்கும். 1967-இல் கால்பந்து வேறு அரங்குக்குப் போய்விட, மைதானம் தடகளத்துக்கே சொந்தமானது.

அந்த மைதானத்தின் பெருமையைக் கட்டியெழுப்பியவர் பயிற்சியாளர் பில் பவர்மேன். அவர் காலத்தில் பல்கலைக்கழகம் நான்கு முறை தேசியப் பட்டம் வென்றது. அவரிடம் ஓடிய மாணவர் ஃபில் நைட். 1964-இல் இருவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய காலணி வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது.

அன்றைய ஹேவர்ட் ஃபீல்டைப் புரிந்துகொள்ள ஓடிஸ் டேவிஸின் கதை போதும். விமானப் படையில் பணியாற்றிவிட்டு, கூடைப்பந்து ஆட ஓரிகனுக்கு வந்தவர் அவர். தடகளப் பயிற்சி எதுவும் இல்லாதவர். 26 வயதில் பவர்மேனிடம் நேரே போய், அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பவர்மேனும் சேர்த்துக்கொண்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 44.9 விநாடியில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றார் டேவிஸ். கேட்டவருக்கு ஓடிப் பார்க்க ஓர் இடம் கிடைத்ததன் பலன் அது.

ஆனால் அந்தக் காலத்தை முழுக்கப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தளத்தின் செல்லப் பிள்ளையான ஸ்டீவ் ப்ரிஃபான்டைன், 2,000 முதல் 10,000 மீட்டர் வரை அமெரிக்க சாதனைகளைக் கையில் வைத்திருந்தபோதும், அரசின் உணவு உதவிச் சீட்டை நம்பி வாழ்ந்தார். ஓட்டத்துக்குப் பணம் வாங்கினால் ஒலிம்பிக் கனவு முடிந்துவிடும் என்பது அன்றைய அமெச்சூர் விதி. அந்த அநீதியை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய அவர், 1975 மே 30 அதிகாலையில் யூஜினில் நடந்த கார் விபத்தில் 24 வயதில் இறந்தார். பெண்களின் நிலை இன்னும் மோசம். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் ஒன்பது' சட்டம் 1972-இல் வந்த பிறகே அவர்களுக்குப் பல்கலைக்கழக விளையாட்டின் கதவு அகலத் திறந்தது.

இன்று அந்த மரக் கேலரி இல்லை; 2018-இல் இடித்துவிட்டார்கள். நைட் தம்பதி உள்ளிட்டோரின் நன்கொடையில் எழுந்த புதிய அரங்கு 2020-இல் தயாரானது. அதன் கோபுரத்தில் பவர்மேன், ப்ரிஃபான்டைன், டேவிஸ் ஆகியோரோடு ரேவின் ரோஜர்ஸ் என்ற வீராங்கனையின் உருவமும் இருக்கிறது. 2016-17-இல் ஓரிகன் பெண்கள், நெடுந்தொலைவு ஓட்டம், உள்ளரங்கத் தடகளம், திறந்தவெளித் தடகளம் மூன்றிலும் ஒரே கல்வியாண்டில் தேசியப் பட்டம் வென்றார்கள். 2022-இல் உலகத் தடகளப் போட்டியும் இங்கேதான் நடந்தது. நம் நீரஜ் சோப்ரா ஈட்டியை 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றது இந்தப் புல்வெளியில்தான்.

பணத் தடையும் உடைந்துவிட்டது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ப்ரிஃபான்டைன் கேட்ட நியாயம் அரை நூற்றாண்டு தாமதமாகவேனும் கிடைத்திருக்கிறது.

ஆனால் அதே ஒப்பந்தம் ஒவ்வோர் அணியிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு கட்டுகிறது. உதவித்தொகை இல்லாமல், வாய்ப்பு மட்டும் கேட்டு வரும் மாணவர்தான் முதலில் இடத்தை இழப்பார். வருமானத்தின் பெரும்பங்கு கால்பந்தைச் சுற்றியே இருக்கும்போது, தடகள அணி சுருங்கினால் கேட்க ஆள் இருக்காது. பெண்களுக்கு வந்த உரிமையும் வீரர்களுக்கு வந்த ஊதியமும் உண்மையான முன்னேற்றம். அவற்றிலிருந்து ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது. அதோடு, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் ஓடிப் பார்க்க இடம் தரும் வழக்கத்தையும் பல்கலைக்கழகங்கள் காப்பாற்ற வேண்டும். அடுத்த ஓடிஸ் டேவிஸ் எந்தத் துறையில் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது எந்தப் பயிற்சியாளருக்கும் முன்கூட்டியே தெரியாது.