ஒலிப்பெட்டியின் விலையும் செவியின் தீர்ப்பும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இல்லத்தில் இசை கேட்பதற்கெனச் செலவிடும் பணத்திற்கும் அது பொருந்தும். சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு மார்கழிக் கச்சேரிகளை நேரிற் கேட்கும் பேறு ஆண்டுதோறும் வாய்ப்பதில்லை. ஆதலின், கூடத்திலே நல்லதொரு கருவியை வைத்துக் கேட்போம் என்னும் ஆவல் நம்மிடையே மிகுதி. அவ்வாவலுடன் கடைக்குச் செல்வோர், சில ஆயிரத்தில் தொடங்கிச் சில லட்சம் வரை விலை சொல்லப்படும் டிஜிட்டல் கருவிகளைக் காண்கின்றனர். உள்ளதை விற்றுவிட்டு உயர்ந்ததை வாங்கினால் இசை மேலும் இனிக்குமா? குழந்தைகளின் கல்விக்கும் ஊர்ப் பயணத்திற்கும் வைத்திருக்கும் பணத்தில் கை வைக்குமுன் இவ்வினாவை ஆராய்வது நலம்.

டிஜிட்டல் முறையில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக மாற்றும் உறுப்பை ‘டாக்’ என்பர். அது தனிப் பெட்டியாகவும் விற்கப்படுகிறது. நம் கைபேசிக்குள்ளும் அடங்கியிருக்கிறது. 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறிக்கிறது. மனிதச் செவி கேட்கக்கூடியதோ ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அலையின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால் அவ்வலையைக் குறைவின்றி மீட்கலாம் என்பதைக் கிளாட் ஷன்னன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் கணித வாயிலாக நிறுவினார். ஆகவே 44,100 என்பது நமக்குப் போதும். 96,000, 192,000 என்று உயர்த்துவதால் சேர்வது வௌவாலுக்குக் கேட்கும் ஒலியேயன்றி நமக்குக் கேட்பதன்று. ஐம்பது வயதைக் கடந்தோருள் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதே கேட்பதரிது.

16 பிட் முறை, மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வேறுபாட்டைத் தாங்கும். மின்விசிறி சுழலும் நம் கூடத்தில், தெருவோசையும் சேர்ந்து, 40 டெசிபல் அளவு இரைச்சல் எப்போதும் உண்டு. அதன்மேல் 96-ஐக் கூட்டினால் 136 ஆகும். அது செவியை வருத்தும் எல்லையைக் கடந்தது. 24 பிட் முறை ஒலிப்பதிவு நிலையத்திற்கு மிகவும் பயன்படும். கேட்கும் கூடத்தில் அதற்கு வேலை இல்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. மேயர், மோரன் என்னும் இருவர் 2007-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். உயர்தரத் தட்டின் ஒலியையும், அதையே குறுந்தகட்டின் தரத்திற்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தனர். 554 தடவைகளில் 276 தடவையே விடை சரியாயிற்று. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் இதே விடைதான் வந்திருக்கும். 2016-ல் லண்டனில் ரைஸ் என்னும் பேராசிரியர் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, சிறிதளவு வேறுபாடு உணரப்படுகிறது என்றார்; ஆனால் சரியான விடை நூற்றுக்கு ஏறத்தாழ 52 தான். பயிற்சி பெற்றவரிடத்தே அது சற்று மிகுதி. லட்ச ரூபாயை இறக்கி வைக்கத்தக்க வேறுபாடு அன்று இது.

“புதிய பெட்டி வந்தபின் தம்புரா தனியே மீட்டுவதுபோல் கேட்கிறதே!” என்று நண்பர் சொல்வது பொய்யாகுமா? பொய்யன்று. ஒலி சிறிதே உரத்திருந்தாலும் அதைத் தெளிவு என்று செவி எண்ணிக்கொள்ளும். விலை தெரிந்த மனமும் அதற்குத் துணைபோகும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். சீரான ஒரு தொனியை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து, இரு கருவிகளையும் நூற்றில் ஒரு பங்கும் பிசகாமல் சமப்படுத்துக. பின்னர் ஒரே பாட்டை, எது ஒலிக்கிறது என்று அறியாதபடி, 16 தடவை வீட்டார் மாற்றிப்போடக் கேட்டு விடை சொல்லுக. 12-க்குக் குறையாமல் சரியானால் வேறுபாடு உண்டென்று நம்பலாம். குருட்டாம்போக்கில் அவ்வாறு அமைவது நூற்றுக்கு நான்கு தடவையும் இல்லை. கடைக்காரர் இச்சோதனைக்கு இசைந்த பின்னரே பணப்பையைத் திறப்பது அறிவுடைமை.

மாற்றத்தக்க குறைகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ‘உம்’ என்று இரையும் கருவி, மிகச் சுருக்கிய கோப்பில் கரகரக்கும் பாட்டு ஆகியவற்றை எவரும் உணர்வர். ஆயினும் இவற்றை நீக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. எஞ்சிய பணத்தை நல்ல ஸ்பீக்கரில் இடுவதே முறை. நல்ல டாக் ஒன்று ஒலியைத் திரிக்கும் அளவு நூற்றுக்கு ஆயிரத்திலொரு பங்கே. ஸ்பீக்கரோ தாழ்ந்த ஒலிகளில் நூற்றுக்கு ஒன்றும் அதற்கு மேலும் திரிக்கக்கூடும்.

அதனினும் பெரிது அறை. 11 அடி நீளமுள்ள அறையில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே நின்று முழங்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி குழம்பிப் போவதற்கு இத்தகைய முழக்கமே பெரும்பாலும் காரணம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, நாம் அமரும் நாற்காலியையும் பின்சுவரிலிருந்து இரண்டடி நகர்த்திப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். இதற்குக் காசு வேண்டாம். மொசைக் தரையில் ஜமக்காளமும், வெறுஞ்சுவரில் புத்தக அலமாரியும் அமைந்தால் எதிரொலி அடங்கிச் சாகித்தியம் தெளிவுறும். திரைச்சீலை மேல்ஸ்தாயி ஒலியைத்தான் அடக்கும். முழக்கத்தை அடக்க இடமாற்றமே வழி.

டிஜிட்டல் முறைக்குத் தயங்காமல் பணம் கொடுக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும்போது நம்மவர் பலர் டிரங்குப் பெட்டியில் கேசட்டுகளைக் கொண்டுவந்தனர். கோயில் உற்சவத்து நாதஸ்வரம், திருமணத்து நலங்குப் பாட்டு, பாட்டியின் தாலாட்டு ஆகியவை அவற்றில் இருக்கலாம். காந்த நாடா காலப்போக்கில் பூஞ்சை பிடித்துப் பொடியாய் உதிரும். இவை கடையிலும் கிடையா. வேறெவரிடமும் பிரதியும் இரா. நல்ல நிலையிலுள்ள கேசட் கருவியில் ஓடவிட்டு, கணினியில் சுருக்காமற் பதிந்து, இரண்டிடத்தில் வைத்துக் காப்பதற்கு ஆகும் செலவு, விலையுயர்ந்த ஒரு கம்பியின் விலைகூட இராது.

கேளாத ஒலிக்குக் காசு கொடுப்பதினும், இனிக் கேட்க முடியாமற் போகவிருக்கும் குரலைக் காப்பது மேல். இம்மாத விடுமுறையிலேயே நம் இல்லத்தார் அப்பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக.